இடிக்க வந்தோரும் தடுக்க எழுந்தோரும்

பழமை என்றதும் கைகூப்பி நிற்கும் கூட்டம் ஒன்று எந்நாட்டிலும் உண்டு. பழமை என்றதும் கடப்பாரையைத் தூக்கும் கூட்டம் மற்றொன்றும் உண்டு. முதற் கூட்டத்தார் ஒரு சுவரைப் பார்த்தால், ஆயிரம் ஆண்டு ஆகிவிட்டதா என்று கேட்பர். எழுப்பியவன் மன்னனா என்று கேட்பர். இரண்டாம் கூட்டத்தார், சுவர் நிற்கும் மனைக்கு என்ன விலை என்று கேட்பர். இரு கூட்டத்தாரும் கேட்க மறந்த கேள்வி ஒன்று இருக்கிறது. அந்தச் சுவருக்குள்ளே வாழ்ந்தவர் யார்? அந்தச் சுவருக்கு வெளியே நிறுத்தப்பட்டவர் யார்?

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்கிழக்குக் கோடியிலே புளோரிடா மாநிலம். அதன் கரையை ஒட்டிக் கடலிலே நீண்டு கிடக்கும் மணல் தீவு, மயாமி பீச். அங்கே 1970-களில் ஒரு போராட்டம் மூண்டது. ஒரு பக்கம், நிலத்தை விலைபேசிய செல்வர்களும் அவர்கட்குத் தலையசைத்த ஆட்சியாளர்களும். மறுபக்கம், ஊதியம் ஏதுமின்றி உழைக்க வந்த தொண்டர்கள். அவர்களை நடத்திச் சென்றவரோ, கணவரை இழந்த, ஐம்பத்தைந்து வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி. எதற்காகப் போராட்டம்? அரண்மனைக்காகவா? அன்று. ஆலயத்துக்காகவா? அதுவுமன்று. நாற்பது ஆண்டுகள்கூட நிரம்பாத, இரண்டு மூன்று மாடிகளே கொண்ட சின்னஞ்சிறு விடுதிகளுக்காக!

கேட்டவர் பலர் நகைத்தனர். நகைத்தவர் நாணும்படி அந்தத் தொண்டர்கள் வென்றனர். ஆயினும் அவர்கள் பெற்றது முழு வெற்றியா? இதற்கு விடை காண, அந்தத் தீவு நகரான கதையிலிருந்து தொடங்க வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே அது நகரமன்று. அலையாத்திக் காடு, சேறு, கொசு. ஜான் காலின்ஸ் என்பார் அங்கே தோட்டம் போட்டார். நிலப்பகுதியோடு தீவை இணைக்க மரப்பாலம் ஒன்றைக் கட்டத் தொடங்கினார். பாதியிலே பணம் தீர்ந்தது. மோட்டார் வண்டிகளுக்கான முகப்பு விளக்கால் பெருஞ்செல்வம் ஈட்டிய கார்ல் ஃபிஷர் கடன் கொடுத்தார். கைம்மாறாக நிலம் பெற்றார். 1913-இல் பாலம் திறக்கப்பட்டது. 1915-இல் மயாமி பீச் தனி நகராயிற்று. கடலடி மணலை வாரி இறைத்துச் சதுப்பை மேடாக்கினர், மேட்டை மனையாக்கினர், மனையைப் பொன்னாக்கினர்.

சேற்றிலே இடுப்பளவு நின்று அலையாத்தி வேர்களை வெட்டிப் பறித்தவர் யார்? கருப்பினத் தொழிலாளர்கள். நகரம் எழுந்தபின் அவர்கட்கு அங்கே கிடைத்த இடம் என்ன? பகலிலே பணி செய்யலாம். விருந்தினராகத் தங்க முடியாது. அவர்கள் பெயரால் எழுந்த கடற்கரையிலே குளிக்கவும் முடியாது என்றுகூடச் சொல்வதற்கில்லை, ஏனெனில் அவர்கள் பெயரால் எதுவுமே எழவில்லை! விடுதி வேலைக்கும் வீட்டு வேலைக்கும் வருவோர் காவல்துறையிடம் பதிவு செய்து அடையாள அட்டை பெற வேண்டும் என்று விதித்தனர். இருட்டிய பின் அட்டையின்றி நடமாடும் கருப்பர், காவலருக்கு விடை சொல்லியாக வேண்டும். பாலத்துக்கு அப்பால் உள்ள ஓவர்டவுன் போன்ற சேரிகளே அவர்தம் குடியிருப்பு.

கருப்பர்க்குத்தான் இந்தக் கதி என்று எண்ணிவிட வேண்டா. யூதர்களுக்கும் கதவு சாத்தப்பட்டது. ஃபிஷரின் விடுதிகளில் அவர்கட்கு இடமில்லை. அவர் விற்ற மனைகளின் பத்திரத்திலேயே, இன்னார்க்கு விற்கலாகாது என்ற நிபந்தனை எழுதப்பட்டது. தீவின் தென்முனையிலே, ஐந்தாம் தெருவுக்குத் தெற்கே, நிலம் வைத்திருந்த லம்மஸ் சகோதரர்கள் மட்டும் அந்தத் தடை விதிக்கவில்லை. ஆகவே யூதர்கள் அங்கே குடியேறினர். 1929-இல் தங்கள் முதல் தொழுகைக் கூடத்தையும் அங்கேயே கட்டினர். ஒரு தெருவே வேலியாயிற்று! கல்லால் எழுப்பிய வேலியை இடிக்கலாம். பத்திரத்தில் எழுதிய வேலியை இடிப்பது எளிதன்று.

செல்வர் கட்டிய சீட்டுக்கட்டு மாளிகை விரைவிலேயே சரிந்தது. 1926 செப்டம்பர் 18 அன்று பெரும்புயல் ஒன்று மயாமியைத் தாக்கியது. மனை வாணிபம் படுத்தது. மூன்றாண்டு கழித்து, 1929-இல், நியூயார்க் பங்குச் சந்தை வீழ்ந்தது. நாடெங்கும் வேலையின்மை, வறுமை, வாட்டம். இந்தப் பெருமந்தத்தின் நடுவிலேதான், 1930-களின் நடுப்பகுதியில், மயாமி பீச்சிலே புதுவகை விடுதிகள் வரிசை வரிசையாக முளைத்தன.

இவை கோடீசுவரர்க்காகக் கட்டப்பட்டவையல்ல. வட மாநிலங்களின் குளிருக்கு அஞ்சி, சேர்த்துவைத்த சிறு பணத்தோடு ஒருவாரம் இருவாரம் தங்க வரும் நடுத்தர மக்களுக்காகக் கட்டப்பட்டவை. சலவைக்கல்லுக்குப் பணமில்லை, சிமெண்டுக் கற்களால் சுவர் எழுப்பிப் பூச்சு பூசினர். விலையுயர்ந்த தரைக்கு வழியில்லை; சிமெண்டிலே வண்ணக் கற்சில்லுகளைக் கலந்து ஊற்றித் தேய்த்து மெருகேற்றினர். நம் வீடுகளில் மொசைக் தரை என்கிறோமே, அதன் உறவு அது. சன்னலுக்கு மேலே வெயிலை மறைக்க நீண்ட பட்டையாகச் சன்ஷேடு இட்டனர். முகத்துக்குப் புருவம் போல் இருந்ததால் அதற்குப் புருவம் என்றே பெயர் வந்தது. கப்பலின் வட்டச் சாளரத்தைப் போல் சாளரம்; மூலைகளை மழுக்கி வளைத்த சுவர்; விரைந்தோடும் வண்டியை நினைவூட்டும் கிடைக்கோடுகள்; படிப்படியாக ஏறிச்செல்லும் முகப்பு; இரவிலே நியான் விளக்கு. சுவரிலே செதுக்கியவையோ நீரூற்று, பனை ஓலை, நாரை போன்ற பறவை. அந்த முகப்புகளிலே இயந்திரக் காலத்தின் விரைவையும் கடற்கரையின் களிப்பையுமே அந்தக் கலைஞர்கள் தீட்டினர்.

கட்டியவர் இதற்குத் தனிப்பெயர் ஏதும் பெரிதாகச் சூட்டவில்லை. புதுமைப் பாணி என்றனர். 1925-இல் பாரிசு நகரிலே அலங்காரக் கலைகளுக்கான பெருங்கண்காட்சி நடந்தது. அந்தக் கண்காட்சியின் பெயரிலிருந்து கிள்ளி எடுத்த 'ஆர்ட் டெக்கோ' என்ற சொல், 1968-இல் பெவிஸ் ஹில்லியர் எழுதிய நூலுக்குப் பின்னரே பரவலாக வழங்கலாயிற்று. அந்தப் பாணி உலகெங்கும் சென்றது. பம்பாய் மெரீன் டிரைவில் வரிசையாக நிற்கும் குடியிருப்புகளில் அதைக் காணலாம். அவை 2018-இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றன. சென்னைப் பாரிமுனையில் 1940-இல் எழுந்த டேர் ஹவுஸ் கட்டடமும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

மயாமி பீச்சிலே இந்தப் பாணிக்கு உருக்கொடுத்தவர்களில் முதன்மையானவர் இருவர்: ஹென்றி ஹோஹாசர், எல். முர்ரே டிக்சன். 1935-இல் காலனி விடுதியை வரைந்தவர் ஹோஹாசர். 1939-இல் அவர் வரைந்த மற்றொரு விடுதிக்குக் கார்டோசோ என்று பெயர். யார் அந்தக் கார்டோசோ? அமெரிக்க உச்சநீதிமன்றத்தில் அமர்ந்த யூத நீதிபதி பெஞ்சமின் கார்டோசோ. எந்த நகரின் விடுதிகள் யூதர்க்குக் கதவடைத்தனவோ, அந்த நகரின் கடற்கரைச் சாலையிலேயே ஒரு யூத நீதிபதியின் பெயர் தலைநிமிர்ந்து நின்றது! ஐந்தாம் தெருவுக்குத் தெற்கே 1936-இல் கட்டப்பட்ட இரண்டாம் தொழுகைக் கூடத்தையும் ஹோஹாசரே இந்தப் பாணியில் அமைத்தார். இன்று அது புளோரிடா யூதர்களின் வரலாறு கூறும் அருங்காட்சியகம். ஆகவே, இந்தச் சுவர்களை வெறும் அழகுச் சுவர்கள் என்று எண்ணுவது பிழை. ஒதுக்கப்பட்ட ஒரு கூட்டத்தார், ஒதுக்கியவர் முன்னிலையிலே, தம் கையூன்றிக் கரணம் போட்டு எழுந்து நின்றதன் சாட்சிகள் அவை.

இரண்டாம் உலகப் போர் வந்தது. 1942 முதல் அமெரிக்க விமானப்படை இந்த விடுதிகளைப் பாசறைகளாக்கிக் கொண்டது. கடற்கரை மணலிலே படைவீரர் பயிற்சி பெற்றனர். போர் முடிந்தது. செல்வர் கூட்டம் வடக்கே எழுந்த புதிய பெரிய விடுதிகளை நாடிச் சென்றது. தெற்கே இருந்த சிறு விடுதிகளுக்கு வந்தவர் முதியவர்கள், பெரும்பாலும் யூதர்கள், நியூயார்க்கிலே தையற்கூடங்களில் உழைத்து ஓய்ந்தவர்கள், இட்லரின் கொலைக்களங்களிலிருந்து தப்பி வந்தவர்களும் அவர்களிடையே இருந்தனர். அரசு தரும் ஓய்வுத்தொகையே அவர்தம் வாழ்வு. ஓஷன் டிரைவ் என்ற கடற்கரைச் சாலையின் ஓரத்திலே, விடுதிகளின் முன்தாழ்வாரத்தில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டு, கடலைப் பார்த்தபடி அமர்ந்திருப்பர். வாடகை குறைவு, காற்று இலவசம், பேச்சுத்துணைக்குப் பக்கத்து நாற்காலி. உழைத்துக் களைத்தவர்க்கு அந்தத் தாழ்வாரமே மாளிகையாயிற்று.

பணமூட்டைகளின் கண்ணுக்கு அது மாளிகையாகவா தெரியும்? 'முதியோர் குவிந்த இடம், வருவாயற்ற இடம், அழுக்கேறிய இடம்' என்றனர். 1970-களில் தென்முனைக்கென மறுசீரமைப்புத் திட்டம் ஒன்று தீட்டப்பட்டது. பெரும்பாலான கட்டடங்களைத் தரைமட்டமாக்குவது, கால்வாய்கள் வெட்டுவது, கால்வாய்க் கரைகளிலே புதிய விடுதிகளும் மாடமாளிகைகளும் எழுப்புவது! திட்டம் வருகிறது என்ற பெயரால் அங்கே புதுக் கட்டடப் பணிகள் நிறுத்தி வைக்கப்பட்டன. பழுது பார்க்காத கட்டடம் என்னவாகும்? மேலும் பழுதாகும். பழுதானபின், 'பாருங்கள், பழுதாகிவிட்டது, இடிக்கத்தானே வேண்டும்' என்று வாதிடுவது எளிதாகும். ஓட்டையை உண்டாக்கிவிட்டு, ஓட்டைப் பாத்திரம் என்று எறியும் சூழ்ச்சி இது. இறுதியில் பணம் திரளாமலும் எதிர்ப்பு அடங்காமலும் 1980-களின் தொடக்கத்தில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. ஆனால் அதற்குள் தென்முனை நலிந்து கிடந்தது.

இந்த நிலையிலேதான் பார்பரா பேயர் கேப்பிட்மன் களத்துக்கு வருகிறார். 1920-இல் சிகாகோவில் பிறந்தவர், கலைஞரான தாய்க்கு மகள், இதழாளர். 1975-இல் கணவர் மறைந்தார். மறு ஆண்டு, தம் மகன் ஜான், வடிவமைப்பாளர் லியனார்ட் ஹொரோவிட்ஸ் முதலான ஒருசிலரைச் சேர்த்துக்கொண்டு ஒரு கழகத்தை அமைத்தார்: மயாமி டிசைன் பிரிசர்வேஷன் லீக், அதாவது மயாமி வடிவமைப்புப் பாதுகாப்புக் கழகம். அமெரிக்கா விடுதலை பெற்ற இருநூறாம் ஆண்டு விழாவை நாடே கொண்டாடிய 1976 அது. மற்றவர் விடுதலை வீரரின் வீடுகளுக்குத் தோரணம் கட்டியபோது, இவர்கள் முதியோர் குடியிருந்த விடுதிகளின் முன் நின்றனர்.

அவர்கள் முதலில் செய்தது என்ன? முழக்கம் எழுப்பினரா? மறியல் செய்தனரா? அவையெல்லாம் பின்னர். முதலில் கணக்கெடுத்தனர்! தெருத்தெருவாக நடந்தனர். கட்டடம் கட்டடமாகப் படம் பிடித்தனர். கட்டிய ஆண்டு எது, வரைந்தவர் எவர், முகப்பிலே என்ன வேலைப்பாடு, எது பிற்காலத்தில் ஒட்டவைத்தது என்று குறித்தனர். உணர்ச்சியை உண்மையின் மீது ஊன்றினர். 'எனக்குப் பிடித்திருக்கிறது' என்று சொன்னால், 'எனக்குப் பிடிக்கவில்லை' என்று எவனும் பதில் சொல்லிவிடலாம். 'இத்தனை தெருக்கள், இத்தனை கட்டடங்கள், இந்தப் பத்தாண்டிலே, இந்தக் கலைஞர்களால், இந்தப் பாணியில். இப்படித் திரண்ட தொகுதி வேறெங்கே காட்டு' என்று கேட்டால்? வாயடைத்துப் போவான். பகுத்தறிவின் படைக்கலன் இதுவே.

எதிர்த்தவர் கையிலும் ஒரு கருவி இருந்தது. வரலாற்று இடங்களுக்கான தேசியப் பதிவேடு என்று ஒன்றை அமெரிக்க அரசு நடத்துகிறது. அதில் சேர, ஒரு கட்டடத்துக்குப் பொதுவாக ஐம்பதாண்டு வயதாகியிருக்க வேண்டும். இந்த விடுதிகளுக்கோ நாற்பதுதான். 'நேற்றுக் கட்டியதெல்லாம் வரலாறா?' என்று கேட்டனர். தனிச்சிறப்பு உண்டென நிறுவினால் வயதுவிதி தளரும் என்பதும் அதே விதியில் இருந்தது. கழகத்தார் அந்த வாயிலைத் திறந்தனர். வயதை வைத்து மதிப்பை அளப்பது, நரையை வைத்து அறிவை அளப்பது போன்றதல்லவா?

கணக்கெடுப்போடு அவர்கள் நிற்கவில்லை. 1978 அக்டோபரில், ஆர்ட் டெக்கோ வாரம் என்று விழா எடுத்தனர். கார்டோசோ விடுதியை மையமாக்கி, பாட்டு, ஆட்டம், பழைய மோட்டார் வண்டி, கண்காட்சி என மக்களை வரவழைத்தனர். சிலர் கேட்கக்கூடும்: இடிபடும் இடத்திலே களியாட்டமா என்று. எண்ணிப் பாருங்கள்! அந்தத் தெருக்களை 'ஒழிய வேண்டிய இடம்' என்றே கேட்டுப் பழகிய மக்கள், முதன்முறையாக அவற்றை 'காண வேண்டிய இடம்' என்று காண வந்தனர். பார்க்காத பொருளை மக்கள் காப்பதில்லை. பார்வையை மாற்றுவது போரின் முதற்படி.

1979 மே மாதம் 14-ஆம் நாள், ஏறத்தாழ ஒரு சதுர மைல் பரப்பும் எண்ணூறுக்கு மேற்பட்ட கட்டடங்களும் கொண்ட அந்தப் பகுதி தேசியப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டில் எழுந்த ஒரு முழுப்பகுதி அந்தப் பதிவேட்டில் இடம்பெற்றது. சம்பளமில்லாத தொண்டர்கள் மூன்றாண்டிலே இதைச் சாதித்தனர்.

வெற்றி முரசு கொட்டிவிட்டு வீடு திரும்பலாம் என்றுதான் எவருக்கும் தோன்றும். ஆனால் பதிவேடு என்பது பாராட்டுத்தாள், பாதுகாப்புக் கவசமன்று. தன் சொந்தப் பணத்தில் தன் கட்டடத்தை இடிக்க விரும்பும் உரிமையாளரை அந்தப் பதிவேடு தடுக்காது. தடுக்க வேண்டுமாயின் உள்ளூர்ச் சட்டம் வேண்டும். 1981-இல், ஹோஹாசர் 1940-இல் வரைந்த நியூ யார்க்கர் என்ற அழகிய விடுதியை இடித்துத் தள்ளினர். பதிவேட்டிலே பெயர் இருந்தது. மண்ணிலே கட்டடம் இல்லை! மறு ஆண்டு நகராட்சி ஒரு பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. ஆனால் அது பல்லில்லாச் சட்டம். 1988-இல், டிக்சன் வரைந்த செனட்டர் விடுதிக்கு முறை வந்தது. எதற்காக இடித்தனர்? மோட்டார் வண்டிகளை நிறுத்த இடம் வேண்டுமாம்! கழகத்தாரும் நகர மக்களும் விளக்கேந்தி நின்றனர், வேண்டினர், வழக்காடினர். கேப்பிட்மன் முன்னணியில் நின்றார். இயந்திரம் இரங்கவில்லை, செனட்டர் வீழ்ந்தது. ஆனால் வீழ்ந்த செனட்டர், நின்ற விடுதிகளுக்குக் காவலாயிற்று. அந்த அதிர்ச்சிக்குப் பிறகே சட்டம் கூர்மை பெற்றது. ஒரு கட்டடத்தைப் பலி கொடுத்துத்தான் ஒரு சட்டத்தைப் பெறவேண்டும் என்பது ஆட்சியாளர் பலருக்குப் பழக்கமாகிவிட்ட கணக்கு.

இதனிடையே காற்று திசை மாறத் தொடங்கியது. 1981-இல் நடுவண் அரசு, வரலாற்றுக் கட்டடங்களைப் புதுப்பிப்போர் செலவில் நூற்றுக்கு 25 பங்கு வரிச்சலுகை தந்தது. 1986-இல் அது 20 ஆயிற்று. ஹொரோவிட்ஸ், வெளிறிக் கிடந்த முகப்புகளுக்கு இளஞ்சிவப்பு, இளநீலம், இளம்பச்சை என மென்வண்ணங்கள் தீட்டினார். தொடக்கத்தில் இந்தக் கட்டடங்களில் பெரும்பாலானவை வெள்ளையே. ஆகவே இன்று உலகம் பழமை என்று கண்டு மயங்கும் அந்த வண்ணங்கள் 1980-களின் கைவண்ணம்! 1984-இல் தொடங்கிய 'மயாமி வைஸ்' என்ற தொலைக்காட்சித் தொடர் அந்தத் தெருக்களை நாடெங்கும் காட்டியது. ஒளிப்படக்காரர் வந்தனர், அழகியர் வந்தனர், பின்னாலேயே பணமும் வந்தது. 1992-இல் புகழ்பெற்ற ஆடை வடிவமைப்பாளர் ஜியானி வெர்சாச்சே அதே ஓஷன் டிரைவில் மாளிகை வாங்கினார்.

தாழ்வாரத்து நாற்காலிகள் என்னவாயின? அங்கேதான் நெஞ்சை உறுத்தும் கேள்வி எழுகிறது. நாற்காலிகள் அகன்றன, அவ்விடத்தில் உணவு மேசைகள் வந்தன. வாடகை ஏறிற்று, முதியோர் இறங்கினர். சிலர் மறைந்தனர், சிலர் மலிவான இடம் தேடிப் பெயர்ந்தனர். கடப்பாரை செய்யாததைக் கட்டணம் செய்தது! எந்தக் கட்டடங்களை 'முதியோர் குவிந்த இடம்' என்று இழித்தனரோ, அந்தக் கட்டடங்கள் பிழைத்தன. அந்த முதியோர்க்கு அங்கே இடமில்லாது போயிற்று. கழகத்தார் இதை விரும்பினர் என்று எவரும் சொல்லமாட்டார். ஆனால் சுவரைக் காக்கச் சட்டம் தேடிய அளவுக்கு, சுவருக்குள் இருந்தவரின் வாடகையைக் காக்கச் சட்டம் தேடப்படவில்லை. ஹொரோவிட்ஸ் 1989-இல் மறைந்தார். 1990 மார்ச்சில் கேப்பிட்மனும் கண்மூடினார். பத்தாம் தெரு இன்று அவர் பெயரையும் தாங்குகிறது. பிற அமெரிக்க நகரங்களிலும் இத்தகைய கழகங்கள் தோன்ற அவர் தூண்டுகோலாய் இருந்தார்.

இன்னொரு கேள்வியும் நிலுவையில் இருக்கிறதே: சுவருக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்? 1964 பிப்ரவரி 25 அன்று, மயாமி பீச்சின் மாநாட்டு மண்டபத்திலே, 22 வயது இளைஞர் கேசியஸ் கிளே, சோனி லிஸ்டனை வீழ்த்தி உலகக் குத்துச்சண்டை வீரரானார். பின்னாளில் முகமது அலி என்று உலகமே போற்றிய அதே மாவீரர். அந்த வெற்றியை அவர் எங்கே கொண்டாடினார்? அருகிலே அணிவகுத்து நின்ற கடற்கரை விடுதிகளிலா? இல்லை. பாலத்தைக் கடந்து, கருப்பர் வாழும் பிரவுன்ஸ்வில் பகுதியிலே இருந்த ஹாம்ப்டன் ஹவுஸ் என்ற விடுதியில், மால்கம் எக்ஸ் முதலிய தோழர்களுடன்! மார்ட்டின் லூதர் கிங்கும் தங்கிய விடுதி அது. ஒதுக்கல் ஒழிந்தது, கருப்பர் எங்கும் தங்கலாம் என்றாயிற்று, வாடிக்கையாளர் குறைந்து, 1970-களில் அந்த விடுதி மூடப்பட்டது, கூரை சரிந்து பாழ்பட்டது. அதைக் காக்கவும் தொண்டர்களே எழுந்தனர். எனிட் பிங்க்னி என்ற கருப்பின ஆசிரியப் பெருமாட்டி முன்னின்று போராடினார், அறக்கட்டளை அமைத்தார், 2015-இல் ஹாம்ப்டன் ஹவுஸ் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் திறக்கப்பட்டது. ஓஷன் டிரைவ் பதிவேட்டில் ஏறி முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து!

இந்த இரண்டு கட்டடங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் மயாமியின் வரலாறு முழுமையாகும். கார்டோசோ மட்டும் நின்று ஹாம்ப்டன் ஹவுஸ் அழிந்திருந்தால், வருங்காலத்தார் என்ன எண்ணுவர்? 'ஆகா, என்ன அழகான காலம்!' என்று எண்ணுவர். அந்த அழகிய காலத்திலே இருட்டிய பின் அட்டை காட்ட வேண்டியிருந்தவர்கள் இருந்தனர் என்பதைச் சொல்ல ஒரு செங்கல்லும் மிஞ்சியிருக்காது. எதைக் காப்பது என்று முடிவு செய்பவன், எதை மறப்பது என்றும் முடிவு செய்துவிடுகிறான்.

கேப்பிட்மன் தொடங்கிய கழகம் இன்றும் இயங்குகிறது. தொண்டர்கள் வழிகாட்டிகளாக நின்று, வருவோரைத் தெருத்தெருவாக அழைத்துச் சென்று கட்டடங்களின் கதையைக் கூறுகின்றனர். அந்த 1978 விழாவின் வழிவந்த ஆர்ட் டெக்கோ விழா சனவரியில் நடைபெறுகிறது. போர் முடிந்துவிடவும் இல்லை. கடல்மட்டம் உயர்கிறது, தெருக்களிலே நீர் ஏறுகிறது. 2024-இல் புளோரிடா மாநிலம், கடலோரத்துப் பழைய கட்டடங்கள் பலவற்றை இடிப்பதற்கு உள்ளூராட்சிகள் தடைபோடும் அதிகாரத்தைச் சுருக்கிச் சட்டம் இயற்றியது. விதிவிலக்குகள் சில உண்டு. ஆயினும் எச்சரிக்கை மணி ஒலித்துவிட்டது. வெள்ளத்தைத் தாங்கும் கட்டடம் வேண்டும் என்பதில் நியாயம் இல்லாமலில்லை. அந்த நியாயத்தின் நிழலிலே பழைய மனைவிலைக் கணக்கு ஒளிந்து வருகிறதா என்று பார்ப்பதுதான் தொண்டர் கடமை.

பகுத்தறிவாளன் பழமையை வணங்குவதில்லை. பழமை என்பதற்காக வெறுப்பதுமில்லை. அவன் விசாரிக்கிறான். மயாமியின் தொண்டர்கள் நமக்குக் காட்டும் வழி தெளிவானது. முதலில் கணக்கெடு, பிறகு மக்களைக் கூட்டு, பதிவேட்டில் மகிழ்ந்துவிடாமல் சட்டத்தைக் கேள். அவர்கள் தவறவிட்டது நமக்குக் காட்டும் பாடமோ அதனினும் பெரிது: கட்டடக் கணக்கை எழுதும் அதே ஏட்டிலே, அதில் குடியிருப்பவர் பெயரையும் அவர் கொடுக்கும் வாடகையையும் எழுது, அதன் வாயிலிலே எவர் தடுக்கப்பட்டார் என்பதையும் எழுது. அந்த மூன்று கலங்களும் நிரம்பாத ஏடு, அரைக் கணக்குதான். முழுக்கணக்கை எழுதத் துணியும் இளைஞர்கள் எந்த ஊரில் எழுந்தாலும், அந்த ஊரின் சுவர்களும் வாழும். சுவருக்குள் இருக்கும் மனிதர்களும் வாழ்வர்.